பயோ-ஆஸ்: கடைவாய் இம்பிளான்டுக்கு முன் போடும் எலும்புத் துகள்

மேல் கடைவாய்ப் பல் போய் வருடங்கள் ஆனால் கீழிருந்து தாடையெலும்பு தேயும், மேலிருந்து சைனஸ் அறை (கன்னத்துக்குள் உள்ள காற்றறை) இறங்கும். இடையில் இம்பிளான்டு (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு) பதிக்க மிஞ்சும் எலும்பு சில மில்லிமீட்டர்தான். சைனஸின் உட்சவ்வைத் தூக்கி அதற்கடியில் நிரப்பி (சைனஸ் லிஃப்ட்) அந்த உயரத்தைக் கூட்டப் பல வருடங்களாகப் புழங்கும் பொருள் சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனத் தயாரிப்பான பயோ-ஆஸ்: மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த தாது.

இதன் பெரிய பலம், லேசில் கரையாது. சொந்த எலும்பை மட்டும் சுரண்டிப் போட்டால் வேகமாகச் சேரும், ஆனால் சைனஸுக்குள் உயரம் குறைந்துவிடும். பீட்டா டிசிபி போன்ற செயற்கைத் துகள் கரையும் வேகத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. பயோ-ஆஸ் போட்ட உயரத்தில் நிற்கும். அதே குணம்தான் குறையும்கூட: துகள்களுக்கிடையே புது எலும்பு வளர 6 முதல் 9 மாதம் பொறுக்க வேண்டும். நான்கே மாதத்தில் இம்பிளான்டு என்று அவசரப்படுவது வீண். கொஞ்சம் சொந்த எலும்பு கலப்பது நல்ல பழக்கம்.

துகள் இரண்டு அளவில் வருகிறது: 0.25–1 மி.மீ., 1–2 மி.மீ. சைனஸுக்குப் பெரியதே எங்கள் தேர்வு. இடைவெளி அதிகம், ரத்தக்குழாய் நுழையும். வாங்குவது கிராமில், நிரப்புவது சிசியில் என்பதால் கணக்கு தவறும். பெரிய துகள் 0.5 கிராம் சுமார் 1.5 சிசி வரும். ஒரு பல் இடத்துக்குப் பெரும்பாலும் போதும். சலைனிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, முதலில் உட்சுவர்ப் பக்கம் நிரப்ப வேண்டும். அழுத்தித் திணித்தால் ரத்தம் புகாது. எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் மிஞ்சும். சைனஸ் சவ்வு கிழிந்தது தெரியாமல் போட்டால் துகள் அறைக்குள் சிதறிச் சீழ் பிடிக்கலாம். சிறு கிழிசலைக் கொலாஜன் சவ்வால் மூடலாம். பெரிதென்றால் துகள் போடாமல் ஈறைத் தைத்து மூடிவிட்டுச் சில மாதம் கழித்து வருவதே புத்திசாலித்தனம்.

எல்லோருக்கும் இது வேண்டாம். சிபிசிடி ஸ்கேனில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) 8 மி.மீ. எலும்பு இருந்தால் நேராக இம்பிளான்டு. 5–7 இருந்தால் இம்பிளான்டுக்குப் போடும் துளை வழியாகவே சவ்வைச் சற்று உயர்த்தலாம், அல்லது 6 மி.மீ. குட்டை இம்பிளான்டு. 4-க்கும் கீழே போனால்தான் எலும்பின் பக்கச் சுவரில் சன்னல் போலத் திறந்து முழு சைனஸ் லிஃப்ட். இம்பிளான்டு பெரும்பாலும் பிறகு.

மூலப்பொருள் மாடு, கூடவே மூடப் போடும் பயோ-கைடு சவ்வு பன்றிக் கொலாஜன். மத, உணவு நம்பிக்கை உள்ளவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாத கிளினிக்குகள் உண்டு. கேட்டுவிடுங்கள். குப்பியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். பிரித்த குப்பியில் மிஞ்சியதை இன்னொருவருக்குப் போடக் கூடாது.