மலைப் போட்டியே பயிற்சியா, தனியாக ஓடிப் பழகுவதா?

உதகைப் பக்கம் நடக்கும் 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இருப்பதோ பாளையங்கோட்டையில். ஏற்றம் என்று பார்த்தால் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம்தான். மூச்சு வாங்குவதற்குள் பாலம் முடிந்துவிடும். ஆக, மலைக்குத்தான் போக வேண்டும். ஒன்று, ஞாயிறுதோறும் தனியாக ஏறி இறங்குவது. இல்லையென்றால், களக்காட்டுப் பக்கம் அடிவாரத்தில் நடந்த சின்னப் போட்டி ஒன்றில் சேர்ந்து, அதையே பயிற்சியாக வைத்துக்கொள்வது. இருவர் அணி, ஓட்டம், சைக்கிள், கயிறு பிடித்து ஓடை கடப்பது எல்லாம் உண்டு. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு போட்டிக்கு.

செலவில் தனிப் பயிற்சிக்குத்தான் வெற்றி. பெட்ரோலும் இட்லிப் பொட்டலமும் போதும். போட்டிக்கு ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டினோம்.

ஆனால் நம் ஊரில் தனியாக மலையேறுவது நினைத்த நேரத்தில் நடக்கிற காரியமில்லை. இங்குள்ள மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மாஞ்சோலைக்குப் போவதென்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும். நான் திருக்குறுங்குடி நம்பி மலைக்குத்தான் ஆறு ஞாயிறு போனேன், கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக. ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறும் கல் பாதை. சோதனைச் சாவடியில் இருந்தவர் என் ஷூவையும் முதுகுப் பையையும் பார்த்துவிட்டு, "சாமி எங்கயும் போயிர மாட்டாரு அண்ணாச்சி, மெதுவாப் போங்க" என்றார். மழைக்காலத்தில் நம்பியாற்றில் வெள்ளம் வந்தால் அந்த வழியையும் அடைத்துவிடுவார்கள். கரடி பயம் வேறு.

சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். என் முடிவை மாற்றியது இறக்கம்.

ஆறு வாரமும் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஓடினேன். இறங்கும்போது? வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தேன். உருளைக்கல் பாதையில் தனியாக விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்று எனக்கே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். போட்டியில் அந்த நியாயம் செல்லாது. பின்னால் ஷூ சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அணியில் என்னோடு ஓடியவன் மனைவியின் தம்பி. "அத்தான், காலடியப் பாக்காதீய, பத்தடி முன்னால பாருங்க" என்று கத்திக்கொண்டே இறங்கினான். எடுத்து வைக்கும் அடியைச் சுருக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்கப் பழகியது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

விளைவு அன்றைக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை தொடை கனத்தது. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். பியூன் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். இறக்கத்தில் தொடையின் முன்தசை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதனால்தான். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை இப்படி அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அதிகம் நோகாமல் தாங்கும். மூன்று வாரம் கழித்து நம்பி மலையில் வேகமாகவே இறங்கிப் பார்த்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாரையும் போல முன்பக்கமாகவே படி இறங்கினேன்.

இதைத் தனியாகவே செய்யலாமே என்று கேட்கலாம். மனக்கட்டுப்பாடு உள்ளவர் செய்யலாம். எனக்கு வரவில்லை.

போட்டிக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பத்து நாள் ஒழுங்காக ஓட முடியவில்லை. முழு மூச்சாக ஓடியது என் தவறு. பயிற்சி என்றுதான் போனேன், விசில் ஊதியதும் மறந்துவிட்டது. ஆகவே பெரிய ஓட்டத்துக்கு நாலைந்து வாரம் முன்னால் வருகிற போட்டியாகப் பாருங்கள். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் நான் போக மாட்டேன்.

நான் ஓடியது ஒரே ஒரு போட்டி. அணியில் தெரியாத ஆள் வாய்த்தால் எப்படி இருக்குமோ, சொல்லத் தெரியவில்லை. சைக்கிள் பகுதியால் ஓட்டத்துக்கு ஏதும் லாபம் கிடைத்ததா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். உதகை 2,200 மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்கு நம் அடிவாரத்தில் எந்த வழியிலும் பழக முடியாது.

அப்புறம், ஓடை கடந்ததும் சாக்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள். மைத்துனன் மாற்றினான். நான் நேரம் போகிறதே என்று ஈரக்காலோடு ஓடினேன். வலது பெருவிரல் நகம் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது.