தீம் பார்க் நாளில் சாப்பாடு: உள்ளேயா, ரோட்டோரமா, கட்டுச்சோறா?

சென்னையிலிருந்து குடும்பத்தோடு தீம் பார்க் கிளம்பினால் பெரும்பாலும் மூன்று சாலைகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம். ஓஎம்ஆரில் திருப்போரூரை ஒட்டிய இள்ளலூரில், 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. பெங்களூர் ஹைவேயில் பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லாந்து. எந்தப் பார்க் என்று முடிவு செய்ய ஒரு வாரம் பேசுவார்கள். எங்கே சாப்பிடுவது என்ற பேச்சு மதியம் ஒன்றரை மணிக்கு, ஈரத் துணியோடு, பசியில் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தொடங்கும்.

நல்ல ஹோட்டல் எது என்று தேடுமுன் பார்க்குக்கு ஒரு போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். வெளிச் சாப்பாடு உள்ளே விடுவார்களா? ஒருமுறை வெளியே போனால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா? பெரும்பாலான பார்க்குகளில் இரண்டுக்கும் பதில் ‘இல்லை’தான். கைக்குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. இரண்டும் ‘இல்லை’ என்றால் மதியச் சாப்பாட்டுக்கு உங்களுக்கு வேறு வழியே கிடையாது, உள்ளேதான். உங்கள் கையில் இருப்பது காலையும் மாலையும் மட்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது: அன்றைய பெரிய சாப்பாடு இரண்டையும் கேட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே சின்னதாக முடியுங்கள்.

உள்ளே: ஃபுட் கோர்ட்

இதன் ஒரே பலம், இருக்கும் இடத்திலேயே கிடைக்கும். பலவீனம் ருசியோ விலையோகூட இல்லை, நேரம். அலைக்குளத்தை நாள் முழுக்க ஓட்டமாட்டார்கள், நேரம் வைத்துத்தான் ஓட்டுவார்கள். நண்பகல் ரவுண்டு முடிந்து அலை நின்றதும் குளத்தில் இருந்த கூட்டம் முழுவதும் சொல்லிவைத்த மாதிரி ஃபுட் கோர்ட்டுக்கு வரும். 12.45 முதல் 2.15 வரை அங்கே நின்றால் பில்லுக்கு ஒரு வரிசை, டோக்கனைக் காட்டி வாங்க இன்னொரு வரிசை, டேபிளுக்கு ஒரு தவம். 11.45-க்கே போய்விடுங்கள். அப்போது சட்டியில் இருப்பது அன்றைய முதல் ஈடு. இன்னொரு லாபம், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ரைடுகளில் வரிசை குறையும்.

கண்ணாடிக்குள் வைத்திருக்கும் தட்டுகளைப் பார்த்ததும் ஆர்டர் சொல்லிவிடாதீர்கள், அரை நிமிடம் கவனியுங்கள். ஃப்ரைட் ரைஸ் தட்டின் ஓரத்துப் பருக்கைகள் காய்ந்து விறைத்து நிற்கிறதா, கரண்டி நடுவில் குத்தியபடி அசையாமல் நிற்கிறதா, கிளறும்போது ஆவி வருகிறதா? ஆவி வராவிட்டால் அது சூடான சாப்பாடு இல்லை, வெதுவெதுப்பான சாப்பாடு. சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்த சோறும் நூடுல்ஸும்தான் மறுநாள் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடுகின்றன.

ஆகவே உள்ளே இரண்டு வகையைத்தான் நம்பலாம். கண்ணெதிரே கல்லில் போட்டுத் தரும் தோசை, சப்பாத்தி, டோஸ்ட் ஒரு வகை. வேகமாக விற்றுத் தீரும் சாம்பார் சாதம், தயிர் சாதம் இன்னொரு வகை. வெட்டி வைத்த பழம், தேங்காய்ச் சட்னி, மயோனைஸ் தடவிய எதுவும் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. பஃபே இருந்தால் காலேஜ் பையன்களுக்குச் சரி. சின்னக் குழந்தைக்கு முழுக் காசு கொடுத்து இரண்டு வாய் ஊட்டுவது வீண். பெரியவர்களும் கொடுத்த காசுக்குச் சாப்பிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு அடுத்த ஒரு மணி நேரம் சுற்றுகிற ரைடு எதிலும் ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பணம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல். போன் லாக்கரில் இருக்கும், ஜிபே அதற்குள் இருக்கும். ஐந்நூறு ரூபாய் இரண்டு தாளை வாட்டர்ப்ரூஃப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பட்டையில் பணம் ஏற்றும் முறை இருந்தால், மீதியை எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்குள் திருப்பித் தருவார்கள் என்று ஏற்றும்போதே கேளுங்கள். மூடும் நேரத்தில் அந்தக் கவுன்டரிலும் வரிசை நிற்கும்.

வெளியே: ரோட்டோர ஹோட்டல்

ஒப்பீட்டில் ஜெயிப்பது இதுதான், ஆனால் காலையும் மாலையும் மட்டும். பல பார்க்குகள் 10, 11 மணிக்குத்தான் திறக்கின்றன. 8.15-க்கு ஹோட்டலில் உட்கார்ந்தால் நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பலாம். ஒன்பது மணிக்கு மேல் போனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாட்டுவீர்கள்.

மேப்பில் தேடும்போது செய்யும் முதல் தவறு, பார்க் பெயரைப் போட்டு ‘அருகில் உள்ள ஹோட்டல்’ என்று தேடுவது. கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு வருகிறவர் வாழ்நாளில் இன்னொரு முறை வரப்போவதில்லை. கடைக்காரருக்கும் அது தெரியும். மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும் கடை உள்ளூர்க்காரர்களை நம்பி நடப்பது. வங்கி ஊழியரும் கால் டாக்ஸி டிரைவரும் தினம் சாப்பிடுகிற இடத்தில் சாம்பார் ஒருநாள் கெட்டால் மறுநாளே தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறு, ரோட்டின் எந்தப் பக்கம் என்று பார்க்காதது. மூன்று சாலையிலும் நடுவில் தடுப்பு இருக்கிறது. வலப்பக்கக் கடைக்குப் போக யு டர்ன் தேடி அலைந்து, சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு யு டர்ன் தேட வேண்டும். போகும்போதும் இடப்பக்கம், திரும்பும்போதும் இடப்பக்கம். ஈசிஆரில் இது சுலபம்: காலைக்குக் கடல் பக்கக் கடை, மாலைக்கு எதிர்ப்பக்கக் கடை. இரண்டையும் முந்தைய நாளே மேப்பில் குறித்து வையுங்கள். ஓஎம்ஆரில் வொண்டர்லா போகிறவர்கள் நாவலூர், கேளம்பாக்கத்துக்குள் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது, அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கக் கடை குறைவு. குயின்ஸ்லாந்துக்குப் பூந்தமல்லியிலேயே முடித்துவிடலாம்.

ரேட்டிங்கைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அறுபது பேர் போட்ட 4.8-ஐ விட ஆறாயிரம் பேர் போட்ட 4.1 நம்பகமானது. விமர்சனங்களைப் ‘புதியவை முதலில்’ என்று மாற்றிக் கடைசி இரண்டு மாதத்தை மட்டும் பாருங்கள். மாஸ்டர் மாறினால் பழைய புகழெல்லாம் போச்சு. மெனு கார்டு படம் இருக்கிறதா பாருங்கள், விலை தெரிந்துவிடும். பிறகு விமர்சனங்களுக்குள் ‘டாய்லெட்’, ‘பார்க்கிங்’ என்ற இரண்டு சொல்லைத் தேடுங்கள். குழந்தையோடு போகிறவர்களுக்குச் சட்னியைவிட இது முக்கியம். உட்கார்ந்த பிறகு, சுவரிலோ பில்லிலோ 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை. 2022 ஜனவரி முதல் பில்லில் அது இருந்தாக வேண்டும்.

காலையில் என்ன சொல்வது? பொங்கலும் பூரியும் வேண்டாம். நெய்யும் எண்ணெயும் ஊறிய வயிறு, தலைகீழாகச் சுற்றும் முதல் ரைடிலேயே கணக்கைத் தீர்த்துவிடும். இட்லி, இடியாப்பம், கல்தோசை போதும். இட்லி ஈடு எப்போதும் தயாராக இருக்கும், சொன்னதும் வரும். நெய் ரோஸ்ட்டுக்குக் கல் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால் முக்கால் மணி நேரம் போய்விடும். குழந்தைகளுக்கு இட்லியை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பெரியவர்கள் மெனுவைப் பார்க்கட்டும்.

செயின் ஹோட்டலா, உள்ளூர் மெஸ்ஸா? மதியச் சாப்பாடு என்றால் மெஸ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நம் கணக்கில் மதியம் வெளியே இல்லை. காலைக்கும் மாலைக்கும் செயின் ஹோட்டலே வசதி: கழிப்பறை, கார் நிறுத்தம், எதிர்பார்த்த ருசி. அதிசயமாகவும் இருக்காது, மோசமாகவும் இருக்காது.

ஒரு ஓட்டையைக் கவனியுங்கள். மீல்ஸ் மூன்று மணிக்கு முடியும், மாலை டிபன் நாலு மணிவாக்கில்தான் தொடங்கும். மூன்றேகாலுக்குப் பசியோடு பார்க்கை விட்டு வந்தால் காபியும் பஜ்ஜியும்தான் கிடைக்கும். கிளம்பினால் இரண்டு மணிக்குக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் நாலரைக்கு.

ஈசிஆர் ரிசார்ட்டுகளில் சாப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண ரெஸ்டாரன்ட்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் 18. நாலாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஒரு இடத்தில் வரி 200, இன்னொரு இடத்தில் 720. இதற்கு மேல் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று பில்லில் ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

கோவளம், மாமல்லபுரம் மீன் ஆசை தனிக் கதை. கோடை விடுமுறையில்தான் எல்லோரும் போகிறார்கள், அப்போதுதான் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு போகாது. நாட்டுப்படகில் வருவது கொஞ்சம், மீதி மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வரும். மே மாதத்தில் ‘இன்னைக்குக் காலைல பிடிச்ச வஞ்சிரம்’ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே சங்கராவோ நண்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மாதமானாலும் மீனைத் தட்டில் காட்டும்போதே எடை போட்டு, வறுக்கும் கூலியோடு மொத்தம் எவ்வளவு என்று வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும். பில் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

கட்டுச்சோறு

காசும் மிச்சம், வயிற்றுக்கும் நல்லது. ஆனால் உள்ளே விடாத பார்க்கில் அது காரிலேயே கிடக்கும். மே மாத வெயிலில் மூடிய காரின் டிக்கி அடுப்பு மாதிரி. காலை எட்டுக்கு வைத்த தயிர் சாதம் ஒரு மணிக்குப் பொங்கிப் புளித்திருக்கும். இதை மதியத்துக்கு நம்பாமல், காலை டிபனாகக் கொண்டுபோவதே சரி.

அதற்கு மிளகாய்ப்பொடி இட்லிக்கு ஈடில்லை. பெரியவருக்கு ஐந்து, குழந்தைக்கு மூன்று. இட்லி முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகி இட்லிமேலேயே சொட்டும், நாலு மணி நேரத்தில் தொட்டால் பிசுபிசுக்கும். பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் ஓரத்திலும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கட்டினால் மதியம்வரை தாங்கும். காரம் ஆகாத குழந்தைக்குப் பொடிக்குப் பதில் நெய்யும் சர்க்கரையும்.

வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கும் இடமாக இருந்து மதியத்துக்கும் கட்டினால் புளியோதரையே பத்திரம். புளிக்காய்ச்சலை முதல்நாளே செய்து, காலையில் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிசைய வேண்டும். தயிர் சாதம்தான் வேண்டும் என்றால் ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் காய்ச்சிய பால் விட்டுக் குழைத்து, ஆறியபின் இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். போகப் போக உறையும், புளிக்காது. வெங்காயம் போடாதீர்கள்.

யாரோடு போகிறீர்கள்?

சர்க்கரை மாத்திரை போடும் தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்கள் நேரமே எல்லோருக்கும் நேரம். உள்ளே வரிசையில் மாட்டிச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். மருந்தோடு சேர்த்து நாலு பிஸ்கட் வைத்துக்கொள்ள கேட்டிலேயே அனுமதி கேளுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் கஞ்சி மாவும் போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ரைடு மும்முரத்தில் மதியம் சாப்பிடவே மாட்டார்கள். ஒரு தோசையோடு விட்டுவிடுங்கள், மாலையில் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

மாலைக்கு ஐந்தரை மணி சரியான நேரம். ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல் ஈசிஆரில் மாமல்லபுரத்திலிருந்து வரும் வண்டிகளும் சேர்ந்து நகரும். கார் கிளம்பி இருபது நிமிடத்தில் குழந்தைகள் தூங்கிவிடும், ‘வீட்டுப் பக்கம் போய்ச் சாப்பிட்டுக்கலாம்’ என்றால் எழுப்ப முடியாது. முதலில் காரிலேயே காய்ந்த சட்டையை மாற்றுங்கள். தலை ஈரத்தோடு ஏசி ஹாலில் உட்கார வைத்தால் சூடான ரசம் வருவதற்குள் குழந்தை நடுங்கத் தொடங்கிவிடும். சாதா ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத டேபிளாகப் பார்த்து உட்காருங்கள்.