கோடையில் ஃப்ளை தூண்டில்: முட்டுக்காடா, பழவேற்காடா, அவலாஞ்சியா?

சென்னையிலிருந்து ஃப்ளை தூண்டிலுக்கு, அதாவது பூச்சி, குஞ்சுமீன் போலக் கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசி மீன் பிடிக்க எங்கே போகலாம்? ஏரியை முதலிலேயே தள்ளிவிடலாம். செம்பரம்பாக்கமும் பூண்டியும் குடிநீருக்கானவை. சுற்றுவட்டார ஏரிகளில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. சம்மதம் கிடைத்தால் விரால் உண்டு, தவளை ஃப்ளைக்கு நன்றாகப் பாயும். ஆனால் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அங்கே வீசாதீர்கள். காவல் நிற்கும் விராலைத் தூக்கினால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

மீதி, கழிமுகமா (முட்டுக்காடு, பழவேற்காடு) மலையா (ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி) என்பதுதான்.

முட்டுக்காடு கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருப்பதால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பலாம். அங்கே எல்லாம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. கோடையில் மணல் திட்டு அடைத்துவிட்டால் ஓதம் உள்ளே வராது, நீரோட்டம் இருக்காது, கொடுவாவும் அசையாது. திறந்திருந்தால் ஓதம் வற்றும் நேரமே நேரம்: மடவைக் குஞ்சுகள் வெளியேறும் வாய்க்காலில் கொடுவா காத்திருக்கும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. பரப்பு பெரிது, ஆழமோ பல இடங்களில் ஒரு மீட்டர்தான். உள்ளூர்ப் படகோட்டி இல்லாமல் போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் கடலில் விசைப்படகுகளுக்குத்தான். இறங்கி நடப்பதானால் காலைச் சேற்றில் தேய்த்தபடியே நகர்த்துங்கள், திருக்கை விலகிப்போகும். எங்கே போனாலும் விடியலில் தொடங்கி, பகலில் கடற்காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கழிமுகத்துக்கு 9 அடி, 8-வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) ராடும், 1/0 கொக்கியில் கட்டிய வெள்ளை கிளவுசரும் (சின்ன மீன்போலத் தெரியும் ஃப்ளை) போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல அறுக்கும். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடரின் நுனியில் ஒன்றரை அடிக்கு 40 பவுண்டு தூண்டில் நரம்பு கட்டுங்கள். மீன் கடித்ததும் ராடைத் தூக்காமல், லைனைக் கையால் இழுத்துக் கொக்கியைப் பதிக்க வேண்டும். குளிர்நீர் மீனான டிரவுட் பிடித்த பழக்கத்தில் ராடைத் தூக்குபவர்கள் கொடுவாவை விடுவது இங்கேதான். பின்னால் சீமைக்கருவேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீசுங்கள். வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும்.

அவலாஞ்சி வேறு உலகம். ரெயின்போ டிரவுட்டுக்கு 4 அல்லது 5-வெயிட் ராடு, சின்ன ஃப்ளை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் மீன் சோர்ந்துவிடும் என்பதால் மே மாத மதியங்கள் வீண். ஊட்டிக்கு வண்டியில் போக 2024 முதல் இ-பாஸ் வேண்டும்; தூண்டில் போட வனத்துறை, மீன்வளத்துறை அனுமதியைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முக்குர்த்தி தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் ஆசைப்பட வேண்டாம்.

ஒரே லைனை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோவதுதான் பலர் செய்யும் தவறு. குளிர்நீர் லைன் சென்னை வெயிலில் தளர்ந்து பிசுபிசுக்கும், ராடின் வளையத்தில் ஒட்டிக்கொண்டு பறக்காது. வெப்பமண்டல லைனோ மலைக்குளிரில் விறைத்து, ஸ்பிரிங்போலச் சுருண்டே கிடக்கும்.

இரண்டு நாள் மட்டும் இருந்தால் பழவேற்காடு. முட்டுக்காடு, முகத்துவாரம் திறந்திருக்கிறது என்று அங்குள்ள மீனவர்கள் சொன்னால் மட்டும். மலைக்கு நான்கு நாளாவது ஒதுக்குங்கள், ஜூன் மழை பிடிக்கும் முன்.