சேர்த்து வைத்துக் கட்டுவதா, கடன் வாங்கிக் கட்டுவதா: ஒரு நகராட்சிக் கணக்கு

ஒரு நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் தேவை. இன்றைய விலையில் 100 கோடி. சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் போக ஆண்டுக்கு 15 கோடி மிஞ்சுகிறது. கடன் என்றதும் மன்றக் கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "வாங்குவது நூறு, கட்டுவது இருநூறா?" கணக்கு பொய்யல்ல. 8% வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு ஆண்டுத் தவணை 10.19 கோடி, மொத்தம் ஏறத்தாழ 204 கோடி. ஆனால் அதை இன்றைய நூறோடு ஒப்பிடுவதுதான் தப்பு. நகராட்சியின் கையில் இன்று நூறு கிடையாதே!

ஆண்டு முடிவில் மிஞ்சும் 15 கோடியை 6% வைப்பில் போட்டு வருவோம். கட்டுமானச் செலவும் ஆண்டுக்கு 6% ஏறுகிறது. ஏழாம் ஆண்டு முடிவில் கையில் 126 கோடி. திட்டச் செலவோ 150. ஒன்பதாம் ஆண்டில்தான் சேமிப்பு (172) செலவை (169) எட்டிப் பிடிக்கிறது. டெண்டரே அதற்குப் பிறகுதான். இப்போது அதே 15 கோடியை 8% கடனுக்குத் தவணையாகக் கட்டிப் பாருங்கள்: பத்தாம் ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். சேமிப்பு வழியில் கையிலிருந்து போட்டது மொத்தம் 135 கோடி, கடன் வழியில் 149 கோடி. அந்த 14 கோடி, குழாயில் தண்ணீர் பல ஆண்டு முன்னதாக வருவதற்கான விலை.

கட்டுமான விலையேற்றம் 2% மட்டும் என்றால் கதை மாறும். ஏழே ஆண்டில், கையிலிருந்து போட்ட 105 கோடியிலும் அதன் வட்டியிலுமே வேலை ஆகிவிடும். அப்போது அவசரமில்லாத திட்டத்துக்குக் கடன் வாங்குவது வீண். ஆக, முதலில் பார்க்க வேண்டியது கடன் வட்டிக்கும் கட்டுமான விலையேற்றத்துக்கும் உள்ள இடைவெளி. சேமிப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, எந்தக் கணக்கிலும் தெரியாதது: வைப்பில் சும்மா கிடக்கும் பணத்தின் மீது அடுத்து வரும் மன்றத்துக்குக் கண் இருக்கும்.

<b>எதற்குக் கடன், எதற்குக் கூடாது</b>

கடன் தீரும் முன்பே பொருள் தீர்ந்துவிடக் கூடாது. நல்ல தரத்தில் பதித்த குடிநீர்க் குழாய் அரை நூற்றாண்டு உழைக்கும். அதற்கு 20 ஆண்டுக் கடன் நியாயம். பயன்படுத்தப்போகும் தலைமுறையும் சேர்ந்து கட்டுகிறது. சாலைக்கு மேல்தார் போடுவதும் குப்பை லாரி வாங்குவதும் வேறு. சில ஆண்டுகளில் மறுபடி செய்ய வேண்டியவற்றை நீண்ட கடனில் வாங்கினால், பழையதற்கும் புதியதற்கும் ஒரே நேரத்தில் தவணை ஓடும். நியூயார்க் மாநகரம் அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் ஏற்றி, குறுகிய காலக் கடனைப் புதுக்கடனால் அடைத்து வந்தது. 1975-இல் கடன் சந்தை கதவை மூடியபோது திவாலின் விளிம்புக்குப் போனது.

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இடறும் இடம் பராமரிப்பு. மேலே சொன்ன திட்டத்துக்கு மோட்டார் மின்சாரம், குளோரின், ஆட்கள் என்று ஆண்டுக்கு 4 கோடி கூடுதலாக ஆகிறது என்போம். 15 கோடி உபரி 11 ஆகச் சுருங்கும். 10.19 கோடித் தவணைக்கு எதிரே 1.47 மடங்காக இருந்த பாதுகாப்பு 1.08 ஆகிவிடும். ஒரு பருவம் வரிவசூல் தவறினால் தவணையும் தவறும். 1.25 மடங்காவது வேண்டும் என்று பார்த்தால், புதிய குடிநீர்க் கட்டணமாக ஆண்டுக்கு 1.75 கோடி வந்தாக வேண்டும். கடன் தீர்மானமும் கட்டணத் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் நிறைவேறாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். இணைப்புக் கொடுத்த பிறகு கட்டணம் உயர்த்திக்கொள்ளலாம் என்பது தேர்தல் நெருங்கும் வரைதான் நடக்கும்.

<b>வங்கியா, பத்திரமா</b>

வங்கிக் கடனில் ஒப்பந்ததாரரின் பில்லுக்கு ஏற்பப் பணம் இறங்கும். இறங்கிய தொகைக்கு மட்டுமே வட்டி. பத்திரம் என்பது முதலீட்டாளர்களிடம் நேராகக் கடன் திரட்டும் கடன்பத்திரம்; அதில் முழுத் தொகையும் ஒரே நாளில் வரும். நிலம் கைக்கு வராமல் 100 கோடி ஒன்றரை ஆண்டு 6% வைப்பில் கிடந்தால், 8% வட்டி கட்டும் நகரத்துக்கு 3 கோடி நஷ்டம். ஆகவே நிலம், அனுமதி, டெண்டர் மூன்றும் முடிந்த பிறகே பத்திரம். அதன் பலம், நீண்ட காலத்துக்கு நிலையான வட்டி. கடன் தரமதிப்பீடு, தணிக்கையான கணக்கு, முதலீட்டாளர் நலனைக் கவனிக்கும் அறங்காவலரின் கட்டணம் எல்லாம் தொகை சிறிதானாலும் பெரிதாகக் குறையாது. சிறு நகரங்கள் தனியாக இறங்கினால் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் 13 சிறிய நகர அமைப்புகள் ஒரே கூட்டு நிதியின் கீழ்ச் சேர்ந்து குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்குப் பத்திரம் வெளியிட்டது இந்தக் காரணத்தால்தான்.

கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கை தருவது எஸ்க்ரோ என்னும் தனிக்கணக்கு. குறிப்பிட்ட வரி நேராக அதில் விழும். தவணைக்கான பங்கு ஒதுங்கிய பிறகே மிச்சம் நகராட்சிக்கு. அகமதாபாத் மாநகராட்சி 1998-இல் மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது நுழைவு வரி வருவாயை இப்படித்தான் ஒதுக்கிக் கொடுத்தது. இதில் ஆபத்தும் உண்டு: வசூல் சரியும் மாதத்தில் முதலில் வெட்டு விழுவது தவணைக்கு அல்ல, குழாய் பழுதுபார்ப்புக்கு. ஆறு மாதத் தவணையைத் தனிக் காப்புநிதியாக வைத்தால் அந்த நெருக்கடி தள்ளிப்போகும்.

அசல் முழுவதையும் கடைசி ஆண்டில் கட்டும் வகைப் பத்திரம் மேயர்களுக்குப் பிடிக்கும். அந்த நாளில் அவர்கள் பதவியில் இருக்க மாட்டார்கள். 20 ஆண்டு கழித்து 100 கோடி வேண்டுமானால், 6% வட்டியில் இன்றிலிருந்தே ஆண்டுக்கு 2.72 கோடி கடன்தீர் நிதியில் போட வேண்டும். அந்த ஒதுக்கீடு பட்ஜெட்டில் இல்லையென்றால் ஒப்பந்தத்தை வேறு வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மாறும் வட்டி தொடக்கத்தில் மலிவாகத் தெரியும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுன்டி (மாவட்டம் போன்றது) சாக்கடைத் திட்டத்துக்கு அப்படிக் கடன் வாங்கி, மாறும் வட்டியையும் நிலையான வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் வட்டி மாற்று ஒப்பந்தங்களையும் சேர்த்துக்கொண்டது. 2008 நெருக்கடியில் வட்டி எகிறி, 2011-இல் திவால் மனுவில் முடிந்தது. "தனியார் திட்டத்தைக் கட்டித் தருவார், நாங்கள் ஆண்டுத்தொகை மட்டும் தருவோம்" என்ற ஏற்பாட்டையும் கடன் பட்டியலில் எழுதிவிடுங்கள்: நகரத்தின் பெயரில் இல்லாவிட்டாலும், அது பெரும்பாலும் தனியாரின் கூடுதல் வட்டியோடு வரும் அதே கடன்.