கொலுசுக் கடை ஆபீஸுக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைகளில் இப்போது கேள்வி இதுதான்: அடுத்து விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளமா? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், ரொம்பப் பழைய மெஷின் தேறாது, புதுசு வாங்கணும். மின்ட் 4 ஜிபி ராமிலேயே ஓடும், காசும் கிடையாது. (முதலாளிகளுக்கு இலவசம் என்றாலே ஒரு சந்தேகம்!) கூலிப் பட்டியலுக்கு மின்ட்டில் ஓடும் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் தாராளம். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் மட்டும், அந்த ஃபான்ட்டைப் போடாவிட்டால், கிறுக்கலாகத் தெரியும்.

சிக்கல் டேலி என்ற கணக்கு மென்பொருள்தான். லினக்ஸுக்கென்று அது வருவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஒப்பேற்றலாம், ஆனால் 20-ம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கலன்று மக்கர் பண்ணினால் கணக்கர் அண்ணன் நம்மைத்தான் பிடிப்பார். அவர் மேசைக்கு விண்டோஸ், பில் டைப் அடிக்கும் தம்பிக்கு மின்ட். என் ஓட்டு இப்படித்தான்.