வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம்: பதினான்கு மாத அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

வளர்ப்புப் பராமரிப்பையும் தத்தெடுப்பையும் ஒன்றென்று எண்ணியே பலர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்கின்றனர். நானும் என் மனைவியும் அப்படித்தான் சென்றோம். தத்துப் பிள்ளை சட்டப்படி நம் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பிலோ, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் பிள்ளை நம் வீட்டில் வளரும். பெற்றவர்களின் உறவு அறுபடுவதில்லை. எங்களிடம் வந்த சிறுவனுக்கு ஒன்பது வயது. அடையாளத்தை வெளியிட 74ஆம் பிரிவு தடை விதிப்பதால் இதற்குமேல் விவரம் சொல்ல இயலாது.

திட்டத்தின் பெரும் நன்மையை எங்கள் அடுக்களையில் கண்டேன். குழந்தைகள் இல்லத்தில் மணி அடித்தால் சாப்பாடு என்று பழகியிருந்தவனுக்கு, முதல் இரண்டு மாதங்கள் பசிக்கிறது என்று கேட்கவே தெரியவில்லை. இப்போது தோசை முறுகலாக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். காப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பல பிள்ளைகளுக்கு நடுவில் இந்த அடத்துக்கு இடமிருக்காது.

குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். முதலில் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது; ஆனால் ஆய்வுக்கு வந்தவர் காபியை மறுத்துவிட்டு அவனைத் தனியே அழைத்துப் பேசியபோது, இத்தகைய கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்று புரிந்தது. குறை என்னவென்றால், பதினான்கு மாதங்களில் அவர்கள் வந்தது ஆறு முறைதான். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாக மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்களுக்கு ஐந்து மாதத் தொகை தாமதமாக ஒரே தடவையில் வந்தது. எங்களால் சமாளிக்க முடிந்தது, ஆனால் மனமிருந்தும் கையில் காசில்லாத குடும்பங்கள் இதனாலேயே பின்வாங்கக்கூடும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நிலையின்மை. அவனுடைய தாய் வந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அவர் வந்துபோன பின் இரண்டு நாள்கள் அவன் யாரிடமும் பேசுவதில்லை. அம்மா என்ற சொல் அவருக்கே உரியது என்பதில் உறுதியாக இருக்கும் அவன், என் மனைவியை அத்தை என்றே அழைக்கிறான், அதுதான் முறையும்கூட. 2024ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள், திருமணமாகாதவர்களும் பிள்ளை வளர்க்க வழி திறந்ததோடு, வளர்க்கும் பிள்ளையைத் தத்தெடுப்பதற்கான ஐந்தாண்டுக் காத்திருப்பை இரண்டாண்டாகக் குறைத்தன. அது சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளைகளுக்கே பயன்படும். இவனைப் போல் பெற்றவள் திரும்பி அழைத்துக்கொள்வாள் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அதில் எதுவும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். பிள்ளை இல்லாத குறையைத் தீர்க்க வழி தேடுபவர்கள் தத்தெடுப்புக்கே விண்ணப்பிப்பது நல்லது. எங்களுக்கான ஆணை அடுத்த மாதம் நீட்டிக்கப்பட வேண்டும். புதுச் சீருடைக்கு இன்னும் அளவு கொடுக்கவில்லை.