வெண்ஈக்கு இரைகௌவிப் பூச்சிகள்: தென்னையில் பலன், மிளகாயில் போதாது

சோளகக் காற்று வீசி வெயில் ஏறினால் வன்னியில் விசுவமடு, முழங்காவில் பக்கம் தென்னோலையின் அடிப்புறம் வெண்ஈயின் மெழுகால் வெளுத்துவிடும். கீழே நிற்கிற வாழையில் அதன் இனிப்புக் கழிவு சொட்டி, கரும்பூஞ்சணம் படரும். பல வருடப் பாவனைக்குப் பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது: தென்னை, கொய்யா, வாழைக்கு இரைகௌவிகள், அதாவது வெண்ஈயைப் பிடித்துத் தின்னும் பூச்சிகள், கைகொடுக்கும். மிளகாய்க்கு அவை மட்டும் போதாது. இலைச்சுருள் வைரசைக் கடத்தச் சில வெண்ஈக்களே போதும்; பொறிவண்டு தின்று முடிக்கமுன் செடி சுருண்டுவிடும். அங்கே நாற்றுமேடைக்கு நுண்வலை போடுவதுதான் முதல் வேலை.

தென்னையில் முக்கியமான வேலையாள் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. வெண்ஈயைத் தின்பது அதன் புழு. அதன் முட்டைகள் மயிர் போன்ற காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும். பொரிக்காத முட்டை பச்சை, பொரிக்கப்போவது சாம்பல், வெறுங்கோது வெள்ளை. மருந்து அடிக்காத மரத்தில் பச்சை முட்டையுள்ள ஓலைத்துண்டுகளை வெட்டி, பின்னேரம் வெயில் தணிந்ததும், தாக்கப்பட்ட ஓலையின் அடிப்புறத்தில் ஈர்க்கால் குத்திவிடுங்கள். முதல்நாளே அந்த ஓலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மெழுகு குறையும், புழுவுக்கு இரை எட்டும். எல்லாத் துண்டையும் ஒரே ஓலையில் குத்தவேண்டாம். இந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். மூன்று நான்கு நாளில் பொரிக்கும். புழு சிலவேளை குப்பையை முதுகில் சுமந்து திரியும், அழுக்கென்று தட்டிவிடாதீர்கள். பொறிவண்டுப் புழுக்களில் சில மாப்பூச்சி போலவே வெள்ளையாயிருக்கும். அவற்றை நசுக்குகிற தோட்டங்கள் ஏராளம், பார்க்கவே மனம் பொறுக்காது.

பலன் இல்லையென்றால் முதலில் எறும்பைப் பாருங்கள். இனிப்புக்காக வரும் எறும்பு இரைகௌவிகளை விரட்டும். அடிமரத்தில் பொலித்தீன் சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசவேண்டும். பட்டையில் நேரே பூசக்கூடாது. பக்கத்து மரத்து ஓலை முட்டினால் அதுவே எறும்புக்குப் பாலம். மஞ்சள் ஒட்டுப்பொறியில் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒட்டிச் சாகும், முட்டைத்துண்டு வைக்கமுன் பொறியைக் கழற்றிவிடுங்கள்.

இரசாயன மருந்து அடித்தால் இரைகௌவி முதலில் சாகும், வெண்ஈ திரும்பப் பெருகும். தாக்கம் கடுமையென்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 10 கிராம் சவர்க்காரத்தூள் கலந்து ஓலையின் அடிப்புறம் நனைய அடித்து, ஒரு கிழமை கழித்து முட்டைத்துண்டு வையுங்கள்.

உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்க்கையில் வெண்ஈயின் கூட்டுப்புழு கறுத்து, வட்டத்துளை இருந்தால் அங்கே வெண்ஈயின் உடலில் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் வேலை செய்கிறது. அந்த ஓலையை வெட்டி எரிக்கவேண்டாம்.